துண்டுச் சீட்டிலிருந்து டெலிகிராம் வரை

போன எபிசோட்ல கஷ்டமான இன்டர்வியூ பத்திப் பேசினோம். இன்னைக்கு ரொம்ப ஈஸியான இன்டர்வியூ.

தாய்லாந்துல ஐ.டி. வேலைன்னு சோஷியல் மீடியாவுல விளம்பரம். நம்பிப் போன இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோய், அடைச்சு வச்சு, ஆன்லைன் மோசடி செய்ய வச்சாங்க. 2022 செப்டம்பர்ல இந்திய வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விட்டது. தமிழ்நாட்டுப் பசங்களும் அதுல மாட்டியிருந்தாங்க.

இந்த வலை பழசு. 19ஆம் நூற்றாண்டில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர் கங்காணி. பெரும்பாலும் ஊர்க்காரர், தெரிஞ்ச முகம். முன்பணம் கொடுத்துக் கூட்டிட்டுப் போவார். வழிச்செலவு, அரிசி எல்லாம் கடனா ஏறும். அந்தக் கடனை எழுதின சீட்டுக்குப் பேர் ‘துண்டு’. வேற தோட்டத்துக்கு மாறணும்னா, துண்டுல இருக்கிற கடனை யாராவது கட்டணும். 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழிச்சாங்க.

மியான்மர்லயும் அதே கணக்குதான்: வெளியே போகணுமா, பணம் கட்டு. கங்காணியையாவது ஊர்ல தேடிப் பிடிக்கலாம்; டெலிகிராம் ஐ.டி.யை எங்கே போய்த் தேடுறது?

அதனால வெளிநாட்டு ஆஃபர் வந்தா, ஏஜென்ட் பேர் அரசோட இ-மைக்ரேட் தளத்துல இருக்கான்னு பாருங்க. டூரிஸ்ட் விசாவுல வேலைக்கு வான்னா போகாதீங்க. ஆன்லைன்ல பணத்தை ஏமாந்துட்டா, உடனே 1930க்குப் போன் பண்ணுங்க.