எழுத்துகளை எண்ணியவர்கள்

ஸ்கிராபிள் என்ற சொல் விளையாட்டை நன்றாக ஆடுகிறவர்களுக்குக்கூட, அதை உருவாக்கிய ஆல்ஃப்ரெட் பட்ஸின் பெயர் தெரிவதில்லை. பாளையங்கோட்டையில் ஆங்கிலப் பாடம் நடத்தும் எனக்கு இது நெடுநாள் ஆதங்கம். சனிக்கிழமை பிற்பகலில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பலகையை விரிக்கும்போது, அவர் கதையைச் சொல்லிவிட்டுத்தான் எழுத்துக் கட்டைகள் இருக்கும் பையைக் குலுக்குவேன்.

பட்ஸ் நியூயார்க்கில் கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர். பொருளாதார மந்தம் அமெரிக்காவை உலுக்கிய 1931-ல் அவருக்கு வேலை போனது. பிழைப்புக்கு வழி தேடியவர், புதிதாக ஒரு விளையாட்டை உருவாக்கலாம் என்று முனைந்தார். கலைந்து கிடக்கும் எழுத்துகளிலிருந்து வார்த்தையைக் கண்டெடுப்பதுதான் ஆட்டம். எந்த எழுத்து எத்தனை வேண்டும்? குத்துமதிப்பாக வைத்துக்கொள்ள அவர் மனம் ஒப்பவில்லை. நியூயார்க் டைம்ஸ் முதலான பத்திரிகைகளை எடுத்துவைத்து, ஏ எத்தனை முறை வருகிறது, பி எத்தனை முறை வருகிறது என்று கையாலேயே எண்ணினார்.

ஸ்கிராபிள் பெட்டியைத் திறந்தால் அந்த உழைப்பை இன்றும் தொட்டுப் பார்க்கலாம். மொத்தம் 100 கட்டைகள். அதில் 2 வெற்றுக் கட்டைகள். ஈ மட்டும் 12. ஏ, ஐ இரண்டும் தலா 9. க்யூ, இசட் ஒவ்வொன்றுதான். அபூர்வமானவை என்பதால் 10 புள்ளி. எஸ் விஷயத்தில் மட்டும் அவர் பத்திரிகைக் கணக்கை மீறினார். ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் எழுத்து அது, பெட்டியிலோ 4 தான். ஏற்கெனவே இருக்கும் சொல்லின் பின்னால் ஓர் எஸ்ஸை ஒட்டிப் பன்மையாக்கிவிட்டால் சிரமப்படாமலே புள்ளி வந்துவிடும் என்பதால் வேண்டுமென்றே குறைத்தார். அந்த ஆட்டத்திலேயே மிக நுட்பமான முடிவு இதுதான் என்பேன்.

லெக்ஸிகோ என்ற பெயரில் பலகையே இல்லாமல்தான் ஆட்டம் தொடங்கியது. 1938-ல் பலகை சேர்ந்தது. பெரிய விளையாட்டு நிறுவனங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பின. 1948-ல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் உரிமையை வாங்கி, ஸ்கிராபிள் என்று பெயர் வைத்து, கனெக்டிகட் மாநிலத்தில் தயாரிக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு 2,400 பெட்டிகள் செய்து 450 டாலர் நஷ்டப்பட்டார். 1952-ல் நியூயார்க்கின் மேசீஸ் கடை வாங்கி விற்கத் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது.

ஆட்டம் பரவியதும் ஒரு பழைய குறை பெரிதாகத் தெரிந்தது. அகராதி முதல் எழுத்திலிருந்து தொடங்குகிறது. கையில் ஏழு எழுத்துகளை வைத்துக்கொண்டு, இவற்றில் என்ன சொல் ஒளிந்திருக்கிறது என்று தவிப்பவனுக்கு எந்தப் பக்கத்தைப் புரட்டுவது? 1978-ல் அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கென்றே தனி அகராதி வெளிவந்தது. அதுவும் அதே அகரவரிசைதான். ஜோ எட்லி என்பவர் இரவுக் காவலாளி வேலை பார்த்துக்கொண்டே அதை மனப்பாடம் செய்தார். 1980-ல் அமெரிக்க தேசியப் பட்டத்தை வென்றார். 1992, 2000 ஆண்டுகளிலும் வென்றார்.

ஆட்டக்காரர்களுக்கு வழி திறந்தது இன்னொரு யோசனை. சொற்களை மட்டும் அகரவரிசைப்படுத்தினால் போதாது, ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் இருக்கும் எழுத்துகளையும் அகரவரிசைப்படுத்த வேண்டும். ரெட்டினா என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அதன் எழுத்துகளை அடுக்கினால் ஏ, ஈ, ஐ, என், ஆர், டி. ரீடெயின் என்ற சொல்லை அடுக்கினாலும் அதே வரிசை. ஆக, கையில் இருப்பதை இப்படி அடுக்கிவிட்டால், எந்தச் சொல்லாக இருந்தாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். இந்த ஆறோடு ஜி சேர்ந்தால் கிரானைட், எம் சேர்ந்தால் மினாரெட், சி சேர்ந்தால் செர்ட்டன், பி சேர்ந்தால் பெயின்ட்டர், டி இன்னொன்று சேர்ந்தால் நைட்ரேட். தேர்ந்த ஆட்டக்காரர்கள் இந்த மாதிரி ஆறெழுத்துத் தொகுதிகளைப் பட்டியல் போட்டு, ஏழாவதாக எது வந்தால் எது பிறக்கும் என்று வாய்ப்பாடுபோல மனத்தில் ஏற்றிக்கொள்கிறார்கள். கரும்பலகையில் இந்த ஆறு எழுத்தையும் எழுதி, ஜி-யைப் பக்கத்தில் போட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொள்வேன். கிரானைட் என்று யாராவது கத்தும்வரை வகுப்பில் மூச்சுச் சத்தம் கேட்காது.

இதே யோசனையைக் கணினிக்காரர்களும் கைக்கொண்டார்கள். பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் பென்ட்லி 1983-ல் எழுதிய கட்டுரையில் இதை விளக்கினார். ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் வரிசைப்படுத்தி அதையே அந்தச் சொல்லின் கையொப்பமாக வை. பிறகு கையொப்பங்களை வரிசைப்படுத்து. ஒரே எழுத்துகளால் ஆன சொற்கள் அடுத்தடுத்து வந்துவிடும். இந்த வழியைத் தனக்குச் சொன்னவர் டாம் கார்கில் என்று அவர் பெயர் குறிப்பிட்டிருப்பதை நான் மதிக்கிறேன். 1988-ல் ஆண்ட்ரூ ஆப்பெல், கை ஜேக்கப்சன் இருவரும் சொற்பட்டியல் முழுவதையும் கிளை பிரியும் வலையாகச் சுருக்கி, நொடிகளில் ஸ்கிராபிள் ஆடும் நிரலை வெளியிட்டார்கள். இன்று கைப்பேசியில் எழுத்துகளைத் தட்டியதும் சொற்கள் கொட்டுவது இவர்கள் போட்ட பாதையில்தான்.

அந்த வசதியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எழுத்தைத் தட்டி விடையை வாங்கும் பிள்ளைக்கு, விடை மட்டும்தான் கிடைக்கிறது; சொல் மனத்தில் தங்குவதில்லை. பிரெஞ்சு பேசவே தெரியாத நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-ல் பிரெஞ்சு ஸ்கிராபிள் பட்டத்தை வென்றது, சில வாரங்களில் அந்தச் சொற்பட்டியலைத் தன் தலைக்குள் ஏற்றிக்கொண்டதால்தான்.

ஆகவே ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். பாடத்தில் வரும் ஒவ்வொரு புதுச் சொல்லின் எழுத்துகளையும் அடுக்கி இடப்பக்கத்திலும், சொல்லை வலப்பக்கத்திலும் எழுதச் சொல்லுங்கள். இடப்பக்கத்தில் ஒரே வரிசை இரண்டாம் முறை வரும் நாளில், உங்களிடம் அதைக் காட்ட ஓடிவருவார்கள். அப்போது வேலையை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.