பொறி: புலி முத்திரை முதல் தேடுபொறி வரை

புலிப்பொறி, எலிப்பொறி, ஐம்பொறி, பொறியாளர், தேடுபொறி. இத்தனை இடத்தில் நிற்கும் ‘பொறி’க்கு அடிப்படைப் பொருள் அடையாளம் என்றே நான் கொள்கிறேன். சங்கப் புலவர்கள் யானைத் துதிக்கையின் புள்ளிகளையும் வண்டின் கோடுகளையும் பொறி என்றார்கள். சோழரின் புலி முத்திரையும் பொறிதான். கல்லில் பொறித்தார்கள் என்று இன்றும் சொல்கிறோம்.

இயந்திரம் என்ற பொருளும் பழையதே. சிலப்பதிகாரத்தில் மதுரை மதிலைக் காக்கப் பொறிகள் நிற்கின்றன. சீவக சிந்தாமணியில் விசயை தப்பிப்பதற்காகச் சச்சந்தன் செய்வித்தது மயிற்பொறி. இந்தப் பொருளை வைத்துத்தான் இணையம் வந்தபின் தேடுபொறி என்று சொல் அமைத்தார்கள். ஆனால், எனக்கு இதில் முதற்பொருளே கூடுதலாகப் பொருந்துவதாகப் படுகிறது.

‘யாசி’ என்ற பரவல் தேடுபொறியைப் பாருங்கள். ஜெர்மனியில் மைக்கேல் கிறிஸ்டன் 2003-இல் தொடங்கியது. இதற்கு மைய சர்வர் கிடையாது. நம் கணினியில் நிறுவி, உலாவியில் 8090 என்ற போர்ட்டைத் திறந்தால் வழக்கமான தேடல் பெட்டிதான் தெரியும். பின்னால் நடப்பதுதான் வேறு. ஒவ்வொரு சொல்லும் 12 எழுத்துக் குறியாக மாற்றப்படுகிறது. அந்தச் சொல் வரும் பக்கங்களின் பட்டியலை எந்தெந்தக் கணினிகள் வைத்திருக்க வேண்டும் என்பதை அந்தக் குறியே முடிவு செய்கிறது. தேடும்போதும் அதே குறியைக் கொண்டுதான் அந்தக் கணினிகளைக் கேட்கிறது. சொல்லுக்கு ஓர் அடையாளம் பொறித்து, அதைப் பார்த்துத் தேடும் கருவிக்குத் தேடுபொறியை விட நல்ல பெயர் ஏது?

தமிழுக்குச் சிக்கல் எழுவதும் இந்தக் குறியில்தான். தாம்பரத்தை அடுத்த ஓர் ஊரை ‘செம்பாக்கம்’ என்று தேடுகிறோம். அவ்வூர் ஏரியைப் பற்றி எழுதியவரோ ‘செம்பாக்கத்தில்’ என்று எழுதியிருக்கிறார். மகரம் கெட்டு அத்துச் சாரியை வந்துவிட்டது. நமக்கு இரண்டும் ஒரே ஊர். வேர்ச்சொல்லைப் பிரித்துக் காட்டாவிட்டால் கருவிக்கு அவை இரண்டு சொற்கள், இரண்டு குறிகள். பட்டியல்கள் வெவ்வேறு கணினிகளில் போய் உட்கார்ந்துவிடும். செம்பாக்கத்து, செம்பாக்கத்தை, செம்பாக்கத்திலிருந்து என்று ஒவ்வொன்றும் தனித்தனியே சிதறும். பாக்கம், தாம்பரம் என மகரத்தில் முடியும் ஊர்ப்பெயர் மலிந்த தென்சென்னைப் புறநகருக்கு இது சின்ன இழப்பல்ல.

ஆகவே, இப்படிப்பட்ட பொறியில் தேடுகிறவர்கள் ‘செம்பாக்கம்’, ‘செம்பாக்கத்தில்’ இரண்டையும் தனித்தனியே இட்டுப் பாருங்கள். திருப்போரூர்ப் பக்கமும் ஒரு செம்பாக்கம் உண்டு. அதனால் கூடவே ‘தாம்பரம்’ என்று சேர்த்துக்கொள்வது நல்லது. ஒரே தளத்துக்குள் தேட ‘site:’ என்ற கட்டளை உதவும்.

இவையெல்லாம் தற்காலிக வழிகள்தாம். சொல்லுக்குக் குறி இடுவதற்கு முன்பே வேற்றுமை உருபையும் சாரியையையும் பிரித்தெடுக்க வேண்டும். அந்தப் பகுப்பாய்வு நமக்குப் புதிதல்ல. செம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே, குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏ.யூ-கே.பி.சி. ஆய்வு மையத்தில் தமிழ்ச் சொற்பகுப்பில் பல ஆண்டுகளாக வேலை நடந்திருக்கிறது. யாசியின் மூலநிரல் எவரும் எடுத்துத் திருத்தக்கூடியது. தமிழ் தெரிந்த நிரலாளர்கள் இந்த இரண்டையும் இணைக்க முன்வர வேண்டும்.