பாங்கொங் ஏரிக்கரையில் மேய்ச்சல் தரை இழக்கும் சாங்பாக்கள்

புளியங்குளம், நெடுங்கேணிப் பக்கம் பட்டி மாடு வைத்திருப்பவர்களிடம் ஒரு வருடக் கணக்கு உண்டு. காலபோகத்துக்கு வயல் விதைத்ததும் மாடுகளைக் காட்டோரத் தரவைக்குச் சாய்த்துப் போக வேண்டும். அறுவடை முடிந்தால் வயலுக்கும், கோடையில் வற்றும் குளத்து அலைகரைக்கும் திரும்பலாம். இதே கணக்கைக் கடல் மட்டத்திலிருந்து 4,000 மீற்றருக்கு மேலே, இந்தியாவின் லடாக்கில் நடத்துபவர்கள் சாங்பா மக்கள். நமது நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையின் உயரமே 2,524 மீற்றர்தான்.

திபெத்திலிருந்து லடாக்கின் கிழக்குப் பகுதிவரை நீளும் இந்த உயர்நிலத்துக்கு சாங்தாங் என்று பெயர். பாங்கொங், சோ மொரீரி, சோ கார் ஆகிய ஏரிகள் இங்கேதான் உள்ளன. மூன்றிலும் வெளியே வடிந்தோட வழியில்லாத நீர், ஆகவே உவர்ப்பு. சோ காரில் உப்பெடுத்துச் செம்மறிகளின் முதுகில் ஏற்றிச் சென்று பார்லிக்கு மாற்றுவது சாங்பாக்களின் பழைய வியாபாரம். மலிவான கடலுப்பு வந்ததும் அது படுத்துவிட்டது.

இப்போது வருமானம் பஷ்மினா ஆட்டில்தான். மாரிக் குளிர் மைனஸ் 30 பாகைக்கும் கீழே போவதால் ஆட்டின் மேல்மயிருக்கு அடியில் மெல்லிய பஞ்சுமயிர் வளர்கிறது. கோடைத் தொடக்கத்தில் அதைச் சீப்பால் வாரி எடுப்பார்கள். ஓர் ஆட்டுக்குச் சில நூறு கிராம் கிடைக்கும். காஷ்மீரில் அது சால்வையாகி உலகச் சந்தைக்குப் போகிறது. யாக் எனப்படும் சடைமாட்டின் மயிரில் நெய்த கறுப்புக் கூடாரம்தான் இவர்களது பாரம்பரிய வீடு. வருடத்தில் பல முறை அதைக் கழற்றிக் கட்டுகிறார்கள்.

1962 போர் வரை கிழக்கே வெகுதூரம் மந்தை போகும். போருக்குப் பின் எல்லை இறுகியது. திபெத்திலிருந்து 1959க்குப் பின் மந்தைகளோடு தப்பி வந்த அகதிகளும் இதே புல்லைப் பங்கிட வேண்டியதாயிற்று. 2020 யூனில் கல்வானில் 20 இந்தியச் சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். 2021 பெப்ரவரியில் பாங்கொங் கரைகளிலிருந்து இரு படைகளும் பின்வாங்கியபோது நடுவே ஆளில்லா வலயம் ஒன்று விடப்பட்டது. செய்திகள் இதைச் சமாதானமாகவே எழுதின. அந்த வலயத்துக்குள் தங்கள் மாரிகால மேய்ச்சல் தரைகளும் அகப்பட்டதாகச் சுசூல் பகுதி மேய்ப்பர்கள் முறையிடுகிறார்கள். 2024 சனவரியில் சுசூலுக்கு அருகே மேய்ப்பர்கள் சீனச் சிப்பாய்களோடு வாதாடும் காணொளி வெளிவந்தது.

கோடைத் தரை போனால் வேறிடம் தேடலாம். மாரித் தரை அப்படியல்ல. பனி குறைவாக விழுந்து புல் வெளியே தெரியும் பள்ளத்தாக்குகள் சிலதான். குட்டி ஈனும் காலமும் மாரி முடிவோடு வருகிறது. அந்த ஓரிரு மாதம் தீவனம் இல்லாவிட்டால் குட்டிகள் தங்காது, இரண்டு மூன்று வருடத்தில் மந்தை கரைந்துவிடும். 2009இல் பட்டியை அவிழ்த்துவிட்டு ஓடியவர்களுக்கும், மயிலத்தமடுவில் 2023 செப்டெம்பரில் தரைக்காகப் போராட்டம் தொடங்கிய மட்டக்களப்புப் பண்ணையாளர்களுக்கும் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

'3 இடியட்ஸ்' படம் 2009இல் வெளியான பிறகு பாங்கொங்கில் கூட்டம் பெருகிவிட்டது. நீலத் தண்ணீரைப் படம்பிடித்துவிட்டு அன்றே லே நகருக்குத் திரும்புபவர்களும் உண்டு. போக விரும்புவோர் யூன் முதல் செப்டெம்பர் வரையான காலத்தைத் தெரிவு செய்யலாம். எல்லைப் பகுதி என்பதால் வெளிநாட்டவருக்கு விசேட அனுமதிப்பத்திரம் வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு என்ன நடைமுறை என்பதை லேயிலுள்ள பயண முகவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். லே நகரமே 3,500 மீற்றர் உயரம். இரண்டு நாளாவது அங்கே ஓய்வெடுக்காமல் 5,300 மீற்றருக்கு மேற்பட்ட சாங் லா கணவாயைக் கடப்பது ஆபத்து. தலையிடியும் வாந்தியும் கூடினால் கீழே இறங்குவதுதான் மருந்து.

மேய்ப்பர்களைச் சந்திக்க பாங்கொங்கை விட சோ மொரீரிக் கரையிலுள்ள கோர்சோக் நல்லது. ஏரிக்கரைச் சதுப்பில் வாகனம் ஓட்டாதீர்கள். அங்கேதான் கறுங்கழுத்துக் கொக்கு கூடு கட்டுகிறது, ஆடுகளும் மேய்கின்றன. உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர் தருவார்கள். குடித்து முடித்தால் மறுபடியும் ஊற்றுவார்கள், போதுமென்றால் கோப்பையை நிறைவாகவே வைத்துவிட வேண்டும்.

மந்தையை விற்ற கர்னக் குடும்பங்கள் பலவற்றை லே நகரின் ஓரத்திலேயே காணலாம். அவர்கள் குடியேறிய இடத்துக்குக் கர்னக்லிங் என்று பெயர். கூலி வேலை, வாகனம் ஓட்டுதல், படைக்குச் சுமை தூக்குதல் என்று அவர்களது பிழைப்பு ஓடுகிறது.