அணுஉலைக்குக் குவிமாடம் பொருத்திய 'பிக் கார்ல்' கிரேன்
பெல்ஜியத்தைச் சேர்ந்த சாரென்ஸ் நிறுவனம், கனரகப் பளுதூக்கும் பணிகளில் உலக அளவில் இயங்கி வருகிறது. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் கட்டப்பட்டு வரும் ஹிங்க்லி பாயின்ட் சி அணுமின் நிலையத்தில் இந்நிறுவனத்தின் எஸ்ஜிசி-250 கிரேன் ஈடுபடுத்தப்பட்டது. 'பிக் கார்ல்' எனப்படும் இக்கிரேன் அதிகபட்சம் 250 மீட்டர் உயரமும், 5,000 டன் வரை தூக்கும் திறனும் கொண்டது. தண்டவாளத்தின் மீது இடம் மாறக்கூடியது.

2023 டிசம்பரில், முதல் அணுஉலைக் கட்டடத்தின் மீது 245 டன் எஃகுக் குவிமாடத்தை இக்கிரேன் பொருத்தியது. 2025 ஜூலையில் இரண்டாவது அணுஉலைக்கும் குவிமாடம் பொருத்தப்பட்டது.

முதல் குவிமாடம் 47 மீட்டர் அகலமும் 14 மீட்டர் உயரமும் உடையது. இதன் பகுதிகள் தரையிலேயே பற்றவைத்து இணைக்கப்பட்டன. இம்முறையால் உயரத்தில் நின்று செய்யும் ஆபத்தான பணி குறைகிறது; பற்றவைப்பின் தரத்தைச் சோதிப்பதும் எளிதாகிறது. எனினும், பலத்த காற்றில் இத்தகைய பளுவைத் தூக்க இயலாது. எனவே, எத்துணை பெரிய கிரேனாயினும் சாதகமான வானிலைக்குக் காத்திருந்தே ஆக வேண்டும்.