கேளாமல் பிறந்த ஆணைகள்

தேர்வில் தவறிய மாணவனிடம், "எல்லாம் தலையெழுத்து" என்று ஆறுதல் கூறுவோர் இன்னும் உளர். தலையில் எழுதியவன் யார் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தேர்வு வானத்திலிருந்து இறங்கிய மறை அன்று. மனிதர் மேசைமுன் அமர்ந்து வகுத்த ஏற்பாடு. எத்தனை தாள், எவ்வளவு மதிப்பெண், எந்த வகுப்பில் பொதுத்தேர்வு, யாவும் சிலர் எடுத்த முடிவுகள். அந்தச் சிலர் யாரைக் கேட்டனர்? யாரைக் கேளாது விட்டனர்? கல்வி வரலாற்றை இந்தக் கேள்வியோடு புரட்டிப் பார்ப்போம்.

1882ஆம் ஆண்டு. வில்லியம் ஹண்டர் தலைமையில் வெள்ளையராட்சி கல்விக் குழு ஒன்றை அமைத்தது. அதன்முன் தம் கருத்தை எழுதி வைத்தோருள் ஒருவர் மராட்டிய மண்ணின் சோதிராவ் புலே. ஒடுக்கப்பட்டோர்க்கும் பெண்களுக்கும் பள்ளி நடத்தியவர். கருவூலத்தை நிரப்புவோன் உழவன். அப்பணத்தில் உயர்கல்வி பெறுவோர் மேல்சாதியார். இது எந்த ஊர் நீதி என்பது அவர் வாதம். ஆட்சி அவர் கேட்டதையெல்லாம் அள்ளித் தந்துவிடவில்லை. எனினும், சொல்ல இடமிருந்ததால் அக்குரல் ஏட்டில் ஏறிற்று. இன்றும் நம் கைக்கு எட்டுகிறது.

அடுத்த பாடம் நம் சென்னையிலேயே நடந்தது. 1952 செப்டம்பரில் நடுவணரசு இடைநிலைக் கல்வி ஆணையத்தை நிறுவிற்று. தலைவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். ஆணையம் வினாநிரல் அனுப்பியது. மாநிலங்களுக்குச் சென்று கேட்டது. 1953 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. புறத்தேர்வுகளைக் குறைக்க வேண்டும், இடைநிலைப் படிப்பின் முடிவில் ஒரே பொதுத்தேர்வு போதும், ஆண்டு முழுதும் பள்ளி எழுதிவரும் மாணவர் குறிப்பேட்டுக்கும் மதிப்பளிக்க வேண்டும் என்றது அவ்வறிக்கை.

அதே 1953இல், அதே சென்னையில், முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் வேறொரு வழி கண்டார். சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு அரைநாள். எஞ்சிய நேரத்தில் அப்பன் தொழில் பழகவேண்டும் என்றார். ஆசிரியரைக் கேட்டாரா? பெற்றோரைக் கேட்டாரா? ஆணை பிறந்தது, அவ்வளவுதான். பெரியார் எதிர்த்தார், தி.மு.கழகம் களம் கண்டது, சட்டமன்றமே இருகூறாயிற்று. 1954 மே திங்களில் காமராசர் ஆட்சி அத்திட்டத்தைக் கைவிட்டது. கேளாமல் பிறந்த திட்டம் ஓராண்டு கூட வாழவில்லை.

பாடம் கற்றோமா? 2017 மே திங்களில், பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று ஆணை வந்தது. நோய் உண்மையான நோய். தனியார் பள்ளிகள் பல, பதினொன்றின் பாடத்தைப் புறக்கணித்து, பன்னிரண்டின் பாடத்தையே ஈராண்டும் உருப்போடச் செய்தன. மருந்துதான் எழுதப்பட்ட விதம் விந்தை! மேயில் ஆணை, சூனில் பள்ளி திறப்பு. இடையில் எத்தனை மாணவரைக் கேட்டிருக்க முடியும்? ஒரே பொதுத்தேர்வு போதுமென ஆணையம் கூறிய நாட்டில், பத்து, பதினொன்று, பன்னிரண்டு என மூவாண்டில் மூன்று! முதல் அணி எழுதி முடித்தபின், 2018இல், பதினொன்றின் மதிப்பெண் கல்லூரிச் சேர்க்கைக்குக் கணக்கில் வராது என்றார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அத்தேர்வையே நீக்கிற்று. எட்டுக் கல்வியாண்டுகள் அது நீடித்தது. அந்தச் சுமையைத் தாங்கியது யார் தோள்?

ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்ற ஆணையின் கதையும் அதுவே. 2019 செப்டம்பரில், கல்வியாண்டின் நடுவில் பிறந்தது. எதிர்ப்பு எழுந்தபின் 2020 பிப்ரவரி 4ஆம் நாள் திரும்பப் பெறப்பட்டது. முன்னரே கேட்டிருந்தால் மன்றத்தில் முடிந்திருக்கும். கேளாததால் வீதியில் கேட்க நேர்ந்தது.

கேட்கும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 2021இல் நீட் தேர்வை ஆராய்ந்த நீதியரசர் ஏ.கே. இராசன் குழுவிடம் 86,342 பேர் கருத்துரைத்தனர். 2022இல் அமைந்த நீதியரசர் முருகேசன் குழுவும் கருத்துக் கேட்டே அறிக்கை வரைந்தது. எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: கேட்கும் கூட்டத்துக்கு யாரால் வரமுடிகிறது?

சுங்குவார்சத்திரத்தைப் பாருங்கள். திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகள். தந்தை இரவு ஷிப்டு முடிந்து விடியலில் வீடு திரும்புகிறார். தாய் காலை ஷிப்டுக்குப் புறப்படுகிறார். வேலைநாளில் முற்பகல் பத்து மணிக்கு மாவட்டத் தலைநகரில் கூட்டம் என்றால், ஒருநாள் கூலியை இழந்து எவர் வருவர்? ஆனால் மகன் ஐ.டி.ஐ. செல்வதா, டிப்ளமோ படிப்பதா, கல்லூரி காண்பதா என்பதைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்தானே முடிவு செய்கிறது! வாழ்வை அறுதியிடும் தாளைப்பற்றி அவர்களுக்குச் சொல்லில்லையாம்!

"மாணவனுக்கு என்ன தெரியும்? எளிய தாளைத்தான் கேட்பான்" என்பார் உண்டு. நோயாளி மருந்துச்சீட்டு எழுதுவதில்லை; ஆனால் எங்கே வலிக்கிறது என்று கேளாதவன் மருத்துவனாகான். எந்த வினாவுக்கு நேரம் போதவில்லை, எது பாடத்தை விட்டு மனப்பாடத்தை அளந்தது என்பதை எழுதியவனே அறிவான். எந்த விடையில் ஊரே ஒன்றாய்த் தவறியது என்பதைத் திருத்திய ஆசிரியரே அறிவார். பிள்ளை எந்த மாதத்தில் உறக்கம் இழந்தான் என்பதைப் பெற்றவரே அறிவர்.

வழியும் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்கவேண்டும் என்கிறது. கூரை ஒழுகுவதைப் பேசும் அக்குழு, தேர்வு முறையையும் பேசட்டும்; ஞாயிறன்று பேசட்டும். எந்த மாற்றத்துக்கும் வரைவு, ஓராண்டு முன்னதாகத் தமிழில் வரட்டும். எதை ஏற்றோம், எதை ஏன் மறுத்தோம் என்று அரசு எழுதி வெளியிடட்டும். காரணம் காட்டாத கேட்பு வெறும் சடங்கு. சடங்குகளை நாம் அறிவோம்.

தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியின் குழு எந்நாளில் கூடுகிறது என்று இவ்வாரமே விசாரியுங்கள். உழைத்துக் களைத்த பெற்றோரை அங்கு அழைத்துச் செல்லுங்கள். அடுத்த ஆணை பிறக்குமுன், அவர்கள் சொல் அங்கே பதிவாகட்டும்!