ஒரு நாயகி, இரண்டு குரல்கள்

1969இல் வெளிவந்த ‘சிவந்த மண்’ படத்தின் கதாநாயகி காஞ்சனா. சிவாஜியோடு காதல் டூயட் பாடும்போது அவருக்குக் குரல் பி.சுசீலா. அதே காஞ்சனா மாறுவேடத்தில் நடனக்காரியாக வந்து சாட்டையடிக்கு நடுவே ஆடும்போது குரல் எல்.ஆர்.ஈஸ்வரி. ஒரே பாத்திரம், ஒரே முகம். ஆட வந்ததும் தொண்டை மாறிவிடுகிறது. சிவாஜிக்கோ காதலித்தாலும் குடித்துப் புலம்பினாலும் சாமி கும்பிட்டாலும் பெரும்பாலும் டி.எம்.எஸ். குரல்தான். நல்ல பெண்ணின் வாயிலிருந்து இச்சையின் குரல் வரக் கூடாது என்பது அறுபதுகளின் தமிழ் சினிமாவில் எழுதப்படாத சட்டம். அந்தச் சட்டத்துக்குள்தான் ஈஸ்வரி பிழைத்தார்.

1939இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த லூர்து மேரி ராஜேஸ்வரி, தாயைப் போலவே குழுப் பாடகியாகத்தான் தொடங்கினார். எம்.எஸ்.ராஜேஸ்வரி ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்ததால் பெயரைச் சுருக்க வேண்டியதாயிற்று. 1958இல் ‘நல்ல இடத்துச் சம்பந்தம்’ தனிப்பாட்டுக்கு வழிவிட்டது. பெரும்புகழ் தந்தது ‘பாசமலர்’ (1961) படத்தின் கல்யாணப் பாட்டு, மணப்பெண்ணுக்கல்ல, தோழிக்கு.

பிறகு வந்தவை கிளப் டான்ஸ்கள், கூடையில் பழம் விற்பவளின் கொச்சை (‘பணமா பாசமா’, 1968). சிணுங்கல், பெருமூச்சு, கேலிச் சிரிப்பு, மூச்சிரைப்பு என்று எதைக் கேட்டாலும் சுருதி விலகாமல் தந்தார். இதை ‘கவர்ச்சிக் குரல்’ என்று ஒதுக்கினார்கள். வித்தை என்று சொல்ல மனம் வரவில்லை. அவரால் வேறு பாடவும் முடியும் என்பதற்கு ‘வெள்ளி விழா’ (1972) போதும். வி.குமார் இசையில், மனைவி பாத்திரத்துக்காகக் கிசுகிசுப்பாகப் பாடியிருக்கிறார். அப்படிப்பட்ட வாய்ப்புகள் அரிதாகவே வந்தன.

சினிமா குறைந்தபோது அம்மன் பாட்டுகள் கைகொடுத்தன. ஆடி மாதம் கூழ் காய்ச்சும் தெருவெங்கும் ஒலிபெருக்கியில் அவர்தான். ‘கிளப் டான்ஸ் பாடியவரா இது?’ என்று வியப்பவர்கள் இன்றும் உண்டு. டி.எம்.எஸ். காதல் பாட்டும் முருகன் பாட்டும் பாடியதில் யாருக்கும் முரண் தெரிந்ததில்லை. எனக்கென்னவோ இரண்டிலும் இருப்பது ஒரே குரலாகத்தான் கேட்கிறது: அடங்காத, சபைக்குக் கூசாத குரல். சாமியாடும் பெண்ணுக்கு அது வேண்டியிருக்கிறது. குத்துவிளக்கு ஏற்றும் நாயகிக்கு வேண்டாமாம்.

எழுபதைக் கடந்த பின் ‘ஒஸ்தி’யில் (2011) குத்துப் பாட்டுக்கு அழைத்தார்கள். போய்ப் பாடினார். 2020இல், அம்மனே கதாநாயகியாக வரும் ‘மூக்குத்தி அம்மன்’ படத்தில் ஆடித் திருவிழாப் பாட்டு. அதற்கும் குத்துத் தாளம்தான்.