பொஞ்சீன் ஆண்டகையும் லாச்சப்பல் தமிழரும்

மடுத் திருத்தலத்தின் வரலாறு அறிந்த வன்னி மக்களுக்குப் பொஞ்சீன் ஆண்டகையின் பெயர் புதியதல்ல. 1868இல் யாழ்ப்பாண மறைமாவட்டப் பொறுப்பை ஏற்ற இப்பிரெஞ்சுக்காரரே 1872இல் மடுவில் புதிய ஆலயப் பணியைத் தொடக்கியவர். ஆனால் அவரது பெயரை நாம் ஒருநாளும் சரியாக உச்சரித்ததில்லை. அப்பெயரின் ஈரசைகளிலும் மூக்கின மெய் எதுவும் ஒலிப்பதில்லை. நாவை எங்கும் ஒட்டாமல், மூச்சில் ஒரு பகுதியை மூக்கின் வழியே விட்டு ஒலிக்கும் மூக்குயிர்கள் இரண்டே அங்கு உள்ளன. நாமோ ஞகரத்தையும் னகரத்தையும் சேர்த்துத் தமிழ்ப் பெயராக்கிக்கொண்டோம்.

1847இல் இலங்கைக்கு வந்த அமலமரித் தியாகிகள் சபைக் குருமார், மக்களிடம் பேசுவதற்காக நமது ழகரத்தோடும் றகரத்தோடும் போராடினர். 1983க்குப் பின்னரும், 2009இன் பேரழிவுக்குப் பின்னரும் அந்நிலை தலைகீழானது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பிறந்தவர்கள் பாரிசின் லாச்சப்பல் வீதிகளில் பிரெஞ்சு ஒலிகளோடு போராடத் தொடங்கினர்.

இப்போராட்டத்துக்குக் காரணம் உண்டு. இகரத்துக்கு நாவிளிம்பு பல்லைச் சாரும், உகரத்துக்கு இதழ் குவியும் எனத் தொல்காப்பியம் இருவகையாகப் பிரிக்கிறது. பிரெஞ்சோ இரண்டையும் ஒருங்கே கேட்கிறது. நாவை 'ஈ' சொல்லும் நிலையில் நிறுத்தி, இதழை 'ஊ'வுக்குக் குவித்தால் ஓர் உயிர் பிறக்கும். நாவை 'ஏ'யிலும் இதழை 'ஓ'விலும் வைத்தால் இன்னொன்று பிறக்கும். தமிழில் எழுதினால் இரண்டுமே 'தெசூ' என்றாகும் இரு சொற்களில் ஒன்றுக்கு 'மேலே' என்றும் மற்றதற்குக் 'கீழே' என்றும் பொருள். 'இரண்டு மணி', 'பன்னிரண்டு மணி' என்பவற்றின் வேறுபாடும் ஓர் உயிரொலியே. அலுவலகச் சந்திப்புக்கு நேரம் குறிக்கும் அகதிக்கு இது சிறு விடயமன்று.

மூக்குயிரில் இன்னொரு விந்தை உண்டு. தமிழகத்துப் பேச்சில் 'மரம்', 'வந்தான்' என்பவற்றின் ஈற்று மெய் மறைந்து, உயிரே மூக்கொலி பெறும். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரித் தமிழருக்கு அவ்வொலி தம் தாய்மொழிப் பேச்சிலேயே கிடைத்தது. ஈழத்தவராகிய நாமோ அம்மெய்யைத் தெளிவாக ஒலிப்பவர்கள். தமிழில் எழுத்துக்கு நெருக்கமான நம் உச்சரிப்பே பிரெஞ்சில் தடையாகிறது. எனவே மூக்குயிரில் முடியும் சொல்லைப் பழகுவோர், சொல் முடியும்வரை வாயைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். இதழ் மூடினால் மகரமும், நா மேலே தொட்டால் னகரமும் வந்துவிடும்.

2026 சனவரி 1 முதல் பிரெஞ்சுக் குடியுரிமைக்கான மொழித்தகைமை பி1 நிலையிலிருந்து பி2 நிலைக்கு உயர்த்தப்பட்டுள்ளது. சமையற்கூடத்தில் பகலெல்லாம் உழைப்பவர் இரவில் கண்ணாடி முன் இதழ் குவித்துப் பழக வேண்டியிருக்கிறது. அங்கே பிறந்த பிள்ளைகள் பெற்றோரின் பிரெஞ்சு ஒலியைத் திருத்துகின்றனர். அப்பெற்றோர், 'கிளிநொச்சி'யின் ளகரத்தை அப்பிள்ளைகளுக்குத் திருத்திக் கொடுக்கவும் மறவாதிருத்தல் வேண்டும்.